கூரைமேல் சூரியத் தகடு: கையெழுத்துப் போடுமுன் கணக்குப் போடுங்கள்!

நிபோங் திபால், சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தாமான்களில் இப்போது ஒரு புது ஆள் கதவைத் தட்டுகிறார். அந்தக் காலத்தில் தையல் மிஷின், பாத்திரம், சுவர்க் கடிகாரம் என்று லயம் லயமாகத் தவணைக்குக் கொண்டு வந்தவர்களை நாம் அறிவோம். இவர் கொண்டு வருவது சூரியனை!

"அம்மா, உங்க கூரை சும்மாதானே கிடக்குது? தகடு போட்டுட்டா கரண்டு பில்லே கிடையாது. இ.பி.எப். பணம் அங்கே தூங்குது, கூரையிலே போட்டா வேலை செய்யும்" என்கிறார். முப்பது நாற்பது வருஷம் தீம்பாரில் வெயிலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, அதே வெயில் இனிமேல் காசு தரும் என்றால் கேட்கவே இனிப்பாகத்தான் இருக்கும். அவர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. யார் வீட்டுக்கு உண்மை, யார் வீட்டுக்குப் பொய் என்பதில்தான் விஷயமே இருக்கின்றது. 16,000 வெள்ளி என்பது இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளிக் கணக்கில் ஒன்பது மாத உழைப்புக்கும் மேல். அதைக் கூரையில் ஏற்றுவதற்கு முன் அரைமணி நேரம் பென்சில் பிடித்துக் கணக்குப் போட்டால் தப்பில்லையே!

தோட்ட மக்களுக்குக் கரண்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜார்ஜ் டவுன் வீதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மின்விளக்கு எரிந்தது. பாலத்துக்கு இக்கரையில், பைராம், காலிடோனியா, வால்டோர், பத்து கவான் என்று பேர் பெற்ற தோட்டங்கள் நிறைந்த இந்தப் பகுதியிலும் மற்ற இடங்களிலும், லயத்துப் பிள்ளைகள் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தார்கள். பிறகு இஞ்சின் விளக்கு வந்தது. பொழுது சாய்ந்தால் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். கல்யாண வீடு என்றால் கிராணியிடம் சொல்லி இன்னும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வளர்ந்தவர்களிடம் "சொந்தக் கரண்டு" என்று ஒருவர் சொன்னால் மனசு இளகுவது இயல்புதான். அந்த இளக்கத்தைத்தான் விற்பனைக்காரரும் நம்பி வருகிறார்.

சரி, தகடு என்ன செய்கிறது? மணலிலிருந்து பிரித்தெடுத்த சிலிக்கன் என்ற பொருளை மெல்லிய வில்லைகளாக்கிக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் அதில் மின்சாரம் ஓடும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-இல் முதன்முதலாக உருப்படியான சிலிக்கன் வில்லையைச் செய்து காட்டியபோது, விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்குதான் கரண்டாக மாறியது. இன்றைய தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. தகட்டிலிருந்து வருவது பேட்டரிக் கரண்டு மாதிரி ஒரே திசையில் ஓடுவது. வீட்டுச் சாமான்களுக்கு அது உதவாது. சுவரில் மாட்டும் இன்வெர்ட்டர் பெட்டிதான் அதை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிறது. வீட்டில் செலவானது போக மீதி, மீட்டர் வழியாகத் தெனாகா நேஷனல் கம்பிக்குப் போகும்.

இந்தத் தகடுத் தொழில் நமக்குத் தூரத்துச் சமாச்சாரமும் அல்ல. பக்கத்தில் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் பர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2008 முதல் தகடு செய்கிறது. கடலுக்கு அப்பால் பார்த்தால், நம் பாட்டன் பூட்டன் மழையில்லாமல் விட்டுவிட்டு வந்த இராமநாதபுரத்துக் காய்ந்த மண்ணில், கமுதி பக்கம், 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்திருக்கிறது. அன்று சோறு போடாத வெயில் இன்று அங்கே விளைச்சலாகிறது!

இனிக் கணக்குக்கு வருவோம். "நாலு கிலோவாட்" என்று தகட்டுக்காரர் சொல்வார். அது பட்டறையில், இருபத்தைந்து டிகிரி சூட்டில், நல்ல வெளிச்சத்தில் அளந்த அளவு. பால் நிறுக்கும் இடத்தில் வாளியை வைத்ததும் தராசு காட்டும் எடையா ரப்பர்? தண்ணீரைக் கழித்துச் சதவீதம் பார்த்த பிறகுதானே சம்பளப் புத்தகத்தில் ஏறும்? தகடும் அப்படித்தான். பினாங்கு மத்தியானத்தில் கூரைமேல் தகடு அறுபது டிகிரிவரை கொதிக்கும். சூடு ஏற ஏறக் கரண்டு குறையும். அந்தக் கொதிப்பிலேயே எட்டில் ஒரு பங்கு போய்விடும். பிறகு மேகம், தூசி, இன்வெர்ட்டரில் சேதாரம். எல்லாம் கழித்துப் பார்த்தால், நம் ஊரில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி மூன்றரை யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் நாலரை, ஐந்து என்று யாராவது அடித்துச் சொன்னால் தராசில் கை வைக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு தகடு இப்போது 580 வாட் அளவில் வருகிறது. ஏழு தகடு போட்டால் நாலு கிலோவாட்டுக்குச் சற்று மேல். அதை மூன்றரையால் பெருக்கினால் நாளைக்கு 14 யூனிட். மாதம் ஏறக்குறைய 400 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, நம் பக்கம் வெயில் காயும் மாதங்களில், இதைவிடக் கூடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் குறையும். 2015-இலும் 2019-இலும் வந்தது போலப் புகைமூட்டம் வந்தால் இன்னும் குறையும். பால்மரத்தில் வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். இங்கே வெயில் ஏறினால்தான் பால் சுரக்கும். காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரைதான் பெரும்பங்கு வரும்.

அடுத்தது நிழல். தகடுகளை ஒன்றோடொன்று தொடராகப் பிணைத்திருப்பார்கள். வெட்டுக்கோட்டில் ஓரிடத்தில் பட்டை விழுந்து அடைத்தால், மேலே சுரக்கும் பாலும் மங்குக்கு வந்து சேராதல்லவா? அதைப்போல ஒரு தகட்டில் மாமரத்துக் கிளையின் நிழல் விழுந்தால், அந்த வரிசை முழுவதுமே மந்தப்படும். தென்னை மட்டை நிழல்கூடப் போதும். கூரையை மத்தியானம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே இரண்டு நாள் கவனியுங்கள்.

இவ்வளவு கரண்டு வந்தால் எவ்வளவு காசு மிஞ்சும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

2025 ஜூலை முதல் கரண்டு கட்டணம் மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு யூனிட்டுக்கு மொத்தம் 44.43 காசு. ஆனால் சிக்கனமாகச் செலவழிக்கும் வீட்டுக்குத் தள்ளுபடி உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழியும். கூடக்கூடத் தள்ளுபடி குறைந்துகொண்டே போய், 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமல் போகும். 600 யூனிட்டுக்கு மேல் போனால் மாதம் 10 வெள்ளி சேவைக் கட்டணமும் சேரும்.

இரண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் வேலை ஓய்வு பெற்ற தாயும் தகப்பனும் மட்டும். ஐஸ் பெட்டி, டிவி, மூன்று காற்றாடி, துணி துவைக்கும் மிஷின். மாதம் 250 யூனிட். தள்ளுபடி போக யூனிட்டுக்கு 19.93 காசு, ஆக பில் 50 வெள்ளிக்கு ஒரு சில காசு குறைவு. கிலோவாட்டுக்கு 4,000 வெள்ளி என்று வைத்து நாலு கிலோவாட்டுக்கு 16,000 வெள்ளி போட்டால், மாதம் மிச்சம் எவ்வளவு? தகடு எவ்வளவு கரண்டைக் கொட்டினாலும், 50 வெள்ளி பில்லில் 50 வெள்ளிக்கு மேல் மிச்சமாகாது! போட்ட முதல் திரும்ப இருபத்தாறு வருஷம் தாண்டும். தகட்டின் உத்தரவாதமே இருபத்தைந்து வருஷம்தான். சின்னதாக இரண்டு கிலோவாட் போட்டால் பாதி விலை ஆகுமே என்பீர்கள். ஆகாது. இன்வெர்ட்டர், ஆள் கூலி, விண்ணப்பச் செலவு எல்லாம் பாதியாகக் குறைவதில்லை.

அதே 16,000 வெள்ளியை இ.பி.எப்.பிலேயே விட்டிருந்தால்? 2024-ஆம் ஆண்டுக்கு அறிவித்த லாப ஈவு நூற்றுக்கு 6.30. அந்தக் கணக்கில் வருஷம் 1,008 வெள்ளி, மாதம் 84 வெள்ளி. அதில் கரண்டு பில்லைக் கட்டிவிட்டு, மீதி 34 வெள்ளிக்குப் பசாரில் மீன் வாங்கலாம். முதலும் அப்படியே இருக்கும். "பணம் தூங்குது" என்று சொன்னாரே, தூங்கவில்லை ஐயா, அது வேலைதான் செய்துகொண்டிருக்கிறது! ஐம்பத்தைந்து வயதானதும் எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இரண்டாவது வீடு. மகன் மருமகள் பிள்ளைகள் என்று கூட்டுக் குடும்பம். இரண்டு ஏர்கோன், தண்ணீர் சூடாக்கும் பெட்டி. பகலில் தாத்தா பாட்டியும் கைக்குழந்தையும் வீட்டில். மாதம் 700 யூனிட், வரிகளோடு பில் 290 வெள்ளியை ஒட்டி வரும். இவர்களுக்கு விஷயம் வேறு. தகடு தரும் 400 யூனிட்டில் பகலில் 200 வீட்டிலேயே செலவானால், யூனிட்டுக்கு 39 காசு வீதம் வைத்தாலும் குறைந்தது 78 வெள்ளி மிச்சம். மீதி 200 தெனாகாவுக்குப் போகும். அதற்கு 27 காசு வீதம் 54 வெள்ளி பில்லில் கழியும். ஆக மாதம் குறைந்தது 132 வெள்ளி. பத்து வருஷத்தில் முதல் திரும்பும். அதற்கு மேல் வருவது லாபம், நடுவில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றும் செலவு போக. இது மோசமில்லை. ஆனால் இதையும் சம்பாதிக்கிற பிள்ளைகள் தங்கள் சம்பளத்தில் செய்யட்டும். கிழவன் கிழவியின் சேமிப்பில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மேலே 27 காசு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய கணக்கைச் சொல்லி விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் தொடங்கிய முதல் திட்டத்தில் வீட்டுக் கூரைக் கரண்டை யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் கொடுத்து, இருபத்தொரு வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். அன்று தகடு விலை யானை விலை. போட முடிந்தவர்கள் வசதிக்காரர்கள். பிறகு 2016-இல் 'நெம்' என்ற திட்டம் வந்தது. 2019 முதல் அதில் ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழியும், மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்கும் போகும். அது 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2024-இல் அரசாங்கம் கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, அதிகம் போனால் 4,000 வெள்ளி என்று உதவித்தொகை கொடுத்ததும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான். 2026 ஜனவரி முதல் நடப்பது 'சோலார் அத்தாப்'. அத்தாப் என்றால் மலாயில் கூரை, நம் பழைய அத்தாப்பு வீட்டு அத்தாப்புதான்! இதில் யூனிட்டுக்கு யூனிட் கிடையாது. கொடுத்த கரண்டுக்கு மின்சக்திக் கட்டணம் மட்டும் கழியும். அந்த மாதம் கழித்தது போக மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்கு வராது. ஆகவே தேவைக்கு மேல் பெரிய தகடு போடுவது, மங்கு நிறைந்த பிறகும் மரத்தை வெட்டுவது போல. பாலெல்லாம் மண்ணுக்குத்தான் போகும்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கூரை நிர்வாகத்தினுடையது. மீட்டரும் பல இடங்களில் நிர்வாகத்தின் பெயரில்தான். விண்ணப்பம் போட மீட்டர் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அடுக்குமாடி மலிவு வீட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கூரையே இல்லை. இவர்களிடம் வந்து முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மிகவும் வறிய குடும்பம் என்று இ-காசே பட்டியலில் பதிவு பெற்றவர்களுக்கு மாதம் 40 வெள்ளிவரை கரண்டு பில் கழிவு உண்டு. தகுதி இருந்தும் பதியாதவர்கள் முதலில் அதைக் கவனிக்கலாம். பழைய குண்டு பல்புகளை எல்.இ.டி. ஆக மாற்றுவதும், இருபது வருஷத்து ஐஸ் பெட்டியை ஓய்வு பெறச் செய்வதும் 16,000 வெள்ளி கேட்காது.

வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தைகள். சேடா என்ற அரசாங்க வாரியத்தில் பதிவு பெற்ற கம்பெனியா என்று முதலில் பாருங்கள். மூன்று கம்பெனியிடமாவது விலை கேளுங்கள். விலைத்தாளில் தகட்டின் பெயர், வாட், எத்தனை, இன்வெர்ட்டர் என்ன மாடல், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் நம்ம பார்த்துக்கலாம்ணே" என்பது எழுத்தல்ல. உத்தரவாதத்திலும் இரண்டு வகை உண்டு. இருபத்தைந்து வருஷம் என்பது கரண்டு இன்ன அளவுக்குக் கீழே குறையாது என்பதற்கு. தகடு பழுதானால் மாற்றித் தருவது அதைவிடக் குறைந்த காலத்துக்குத்தான். இன்வெர்ட்டருக்கு ஐந்தோ பத்தோ வருஷம். தகடும் வருஷத்துக்கு நூற்றுக்கு அரைப் பங்கு போலத் தேய்ந்துகொண்டே வரும். இருபதாம் வருஷம் புதுத் தகடு மாதிரியே தரும் என்று போட்டுக் காட்டும் கணக்கு ஆகாது.

"ஒரு காசு முன்பணம் இல்லை" என்று வருகிறவர்களிடம் தகடு உங்களுடையதா, வாடகையா என்று கேளுங்கள். வாடகையென்றால் எத்தனை வருஷம், நடுவில் வீட்டை விற்றால் என்ன ஆகும் என்பதைப் படித்தவர் ஒருவரைக் கூட வைத்துப் படியுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாமல் கையெழுத்து வேண்டாம்.

கூரையையும் சோதிக்க வேண்டும். ஒரு தகடு 28 கிலோ அளவு இருக்கும். ஏழு தகடும் சட்டமும் சேர்ந்தால் நாலைந்து ஆள் கூரைமேல் நிரந்தரமாக உட்கார்ந்த மாதிரி. இருநூறு சதுர அடிக்கு மேல் இடமும் வேண்டும். பழைய மலிவு வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அதில் துளை போடவே விடாதீர்கள். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கேடு. கூரையை மாற்றும் செலவையும் சேர்த்தால் கணக்கே வேறாகிவிடும்.

இன்னொரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். தெனாகா கரண்டு போனால் உங்கள் கூரைக் கரண்டும் நின்றுவிடும்! கொளுத்தும் வெயிலாக இருந்தாலும் சரிதான். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற ஆளைக் கூரைக் கரண்டு தாக்கிவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாக அடங்கும். அப்போதும் எரிய வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். அது தனிச் செலவு. சரவாக் உட்புறத்தில், கம்பியே எட்டாத நீண்ட வீடுகளில், 2016 முதல் பேட்டரியோடு தகடு வைத்துக் கொடுத்துவருகிறார்கள். அங்கே அது அவசியம். கம்பி வாசலுக்கு வந்துவிட்ட நமக்கு அவ்வளவு தேவையில்லை.

பராமரிப்பு ஒன்றும் பெரிய வித்தையல்ல. தகடு குறைந்தது பத்து டிகிரி சாய்வாக இருந்தால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பறவை எச்சமும், ஓரத்தில் படியும் பாசியும், இலைச் சருகும் மழைக்கு அசையாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை கழுவலாம். கல்லுடைக்கும் இடம், லாரி போகும் சாலை பக்கமானால் கூடுதலாக. காலையிலோ மாலையிலோ, தகடு ஆறியிருக்கும்போது, வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். சோப்புத் தூளும் சட்டி தேய்க்கும் நாரும் வேண்டாம். தகட்டின் மேல் ஏறி நிற்கவே கூடாது. மெயின் சுவிட்சை அடைத்தாலும் வெளிச்சம் இருக்கும்வரை தகட்டில் கரண்டு இருக்கும். ஆகவே அறுந்த வயரைக் கையால் தொடாதீர்கள். அறுபது வயதில் ஏணி வைத்துக் கூரையேற வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறது, கூலி கொடுத்துவிடலாம்.

இன்வெர்ட்டர் நிழலில், காற்றோட்டமான சுவரில் இருக்கட்டும். பல்லியும் எறும்பும் நுழையாத மாதிரி ஓட்டைகளை அடைக்கச் சொல்லுங்கள். நம் நாடு இடி மின்னலுக்குப் பேர்போனது. மின்னல் தடுப்பும் எர்த் கம்பியும் விலைத்தாளில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தகடு போட்ட வீட்டில் வேலை நேரத்தையும் மாற்ற வேண்டும். துணி துவைப்பது, சோறு வேகவைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் பத்து மணிக்கு மேல் பகலில். இரவில் செய்தால் விலைக்கு வாங்கிய கரண்டு.

வீட்டுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்துப் போட்டபின் மனசு சரியில்லை என்றால், 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்படி பத்து நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். வேலையில் குறை என்றால் 50,000 வெள்ளிவரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குரைஞர் இல்லாமலே கேட்கலாம். தமிழில் விளக்கம் வேண்டுவோருக்கு ஜார்ஜ் டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமட் இத்ரிஸ் நெடுங்காலம் தலைவராக இருந்து வளர்த்த சங்கம் அது.

மாட்டியாகிவிட்டதா? ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, மாதக் கடைசியில் இன்வெர்ட்டர் காட்டும் யூனிட்டை எழுதி வையுங்கள். போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், போன மாதத்தோடு வேண்டாம். மழையோ புகையோ இல்லாத மாதத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் முதலில் அழுக்கையும் புதிதாக வளர்ந்த கிளையையும் பாருங்கள். அதிலும் குறை இல்லையென்றால் அந்த நோட்டோடு கம்பெனிக்குப் போன் போடுங்கள்.